பனிப்பாதையில் பிக்கப்: சங்கிலி எந்தச் சக்கரத்துக்கு?

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். குளிர்காலத்தில் அடிக்கடி மலைப்பாதையில் போய்வரவேண்டிய வேலை. ஒரு ஜோடி டயர் சங்கிலி வாங்கி வைத்திருக்கிறேன். எஞ்சின் பாரம் முன்னால்தான் இருக்கிறது, அதனால் முன்சக்கரத்தில் மாட்டு என்கிறார் ஒரு நண்பர். பின்சக்கரத்தில்தான் மாட்ட வேண்டும் என்கிறார் இன்னொருவர். ஃபோர் வீல் வண்டிக்குச் சங்கிலியே தேவையில்லை என்று மூன்றாமவர் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மூன்றாமவர் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தால் வண்டி கிளம்பும், மேடு ஏறும். ஆனால் நிற்பதற்கு அது உதவாது. பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்துக்கும் இருக்கிறது. அதைப் போட்டதும் வண்டி நிற்பதும் சறுக்குவதும் டயர் தரையை எவ்வளவு பிடிக்கிறது என்பதைப் பொறுத்ததுதான். சிரமமில்லாமல் ஏறிவிட்ட தைரியத்தில் அதே வேகத்தில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். சங்கிலியைப் பற்றி யோசிக்கும்போது ஏற்றத்தை விட்டுவிட்டு இறக்கத்தை நினைத்துப் பாருங்கள். எந்தச் சக்கரம் என்ற கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

ஒரே ஜோடிதான் என்றால் பிக்கப்புக்குப் பின்சக்கரம் என்பது என் கருத்து. லோடு இல்லாத பிக்கப்பின் பின்பக்கம் மிகவும் லேசு. முன்னால் மட்டும் சங்கிலி போட்டு இறக்கத்தில் பிரேக் அழுத்தினால் முன்சக்கரங்கள் தரையைக் கவ்விக்கொள்ளும். பின்பக்கம் பிடிமானமில்லாமல் பக்கவாட்டில் வழுக்கி முன்னுக்கு வரப்பார்க்கும். வண்டி சுழல ஆரம்பித்துவிட்டால் திருப்பிக் கொண்டுவருவது அநேகமாக முடியாத காரியம். பின்னால் மட்டும் போட்டாலும் ஒரு குறை உண்டு. பனிக்கட்டி மேல் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி சரியாகத் திரும்பாமல் நேராகவே போகும். அதற்காவது வழி இருக்கிறது: வளைவு வருவதற்கு முன்பே, நேரான பாதையிலேயே வேகத்தை நன்றாகக் குறைத்துவிடலாம். இரண்டு ஜோடி வாங்கி நான்கிலும் மாட்ட முடிந்தால் அதற்கு இணை எதுவும் இல்லை.

ஆனால் வண்டியோடு வந்த கையேட்டைப் பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள். பல பிக்கப்களில் முன்சக்கரத்துக்குச் சங்கிலி கூடாது என்றே அச்சிட்டிருப்பார்கள். காரணம் இடைவெளி. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பிவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) ஒயர், சஸ்பென்ஷன் எல்லாம் டயருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று தெரியும். அங்கே ஒரு கண்ணி தளர்ந்து அடித்தால் முதலில் அறுபடுவது பிரேக் ஹோஸாக இருக்கலாம். சங்கிலிகளை இந்த இடைவெளியை வைத்துத்தான் வகை பிரித்திருக்கிறார்கள். 'எஸ்' வகைக்கு டயரின் மேல்பரப்புக்கு வெளியே 37 மில்லிமீட்டரும் உட்பக்கச் சுவரில் 15 மில்லிமீட்டரும் இருந்தால் போதும். 'யு' வகைக்கு 50, 23. கனமான 'டபிள்யூ' வகைக்கு 64, 38. கையேடு 'எஸ்' என்று சொன்னால் அதைவிடப் பெரியதை அழுத்தித் திணிக்கக் கூடாது. அசல் டயரைக் கழற்றிவிட்டுப் பெரிய டயர் மாட்டியிருப்பவர்கள் நீங்களே ஸ்கேல் வைத்து அளந்தாக வேண்டும். அந்த டயருக்குக் கையேடு பதில் சொல்லாது. சங்கிலியின் அளவும் டயருக்குப் பொருந்த வேண்டும். டயர் பக்கச் சுவரில் 265/70 ஆர் 17 என்று எழுதியிருந்தால் அந்த எண் சங்கிலிப் பெட்டியிலும் இருக்க வேண்டும்.

லோடு இல்லாமல் போகிற நாளில் மணல் மூட்டைகளைப் பின் ஆக்சிலுக்கு நேர் மேலேயோ கொஞ்சம் முன்னாலோ வைத்து இறுக்கிக் கட்டுங்கள். கடைக்கோடியில் பின்கதவோரமாக வைத்தால் முன்பக்கம் எழும்பி, ஸ்டியரிங்குக்கு இருக்கிற கொஞ்சப் பிடிமானமும் போய்விடும். வண்டி தாங்கும் எடைக்குள் இருக்கட்டும். சிக்கிக்கொண்டால் அதே மணலைச் சக்கரத்தடியில் தூவலாம் என்பதால்தான் கல்லைவிட மணல் எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: சங்கிலி மாட்டுவதற்குள் விரல் மரத்துவிடுகிறது. மாட்டிய கொஞ்ச நேரத்தில் தளர்ந்தும் போகிறது. சரியான முறை என்ன?

பதில்: முதல் தடவை பனியில் மாட்டாதீர்கள். வெயிலடிக்கும் ஒரு நாளில், காய்ந்த தரையில், அவசரமில்லாமல் மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். சிறிதாக இருக்கிறதா, பெரிதாக இருக்கிறதா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். என் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் ஒரு பையில் சங்கிலியோடு தண்ணீர் புகாத கையுறை, தலையில் மாட்டும் விளக்கு, முழங்காலுக்கு ஒரு தார்ப்பாய்த் துண்டு எல்லாம் சேர்ந்தே இருக்கும். இருட்டில் தேட முடியாது.

ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே, சமதளத்தில், மற்ற வண்டிகள் வராத ஒதுக்குப்புறமாக நிறுத்துங்கள். வழுக்க ஆரம்பித்த பிறகு வளைவில் நிறுத்தி மாட்டுவது உயிரோடு விளையாடுவது. ஹேண்ட் பிரேக் போட்டு, சங்கிலி மாட்டாத சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சங்கிலியைத் தரையில் விரித்து முறுக்கெடுங்கள். கொக்கிகளின் திறந்த வாய் டயரைப் பார்க்கக் கூடாது, வெளிப்புறம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் டயரின் பக்கச் சுவரைக் கீறிவிடும். டயர் மேல் போர்த்தி, கை எட்டாத உட்பக்கக் கொக்கியை முதலில் மாட்டுங்கள். வெளிக்கொக்கியை அப்புறம். உள்ளேயும் வெளியேயும் மிச்சமாகத் தொங்கும் கண்ணிகள் ஒரே எண்ணிக்கையில் இருந்தால்தான் சங்கிலி நடுவில் உட்காரும். மாட்ட வசதியாக இருக்கும் என்று டயரில் காற்றை இறக்குகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள், டயர் பாழாகும்.

தளர்ந்துபோவது உங்கள் தவறல்ல. நூறு, இருநூறு மீட்டர் ஓடிய பிறகுதான் எந்தச் சங்கிலியும் தன் இடத்தில் படியும். அங்கே நிறுத்தி இன்னொரு முறை இறுக்க வேண்டும். இந்த இரண்டாவது இறுக்கலைச் சோம்பலில் விட்டுவிடுவதால்தான் பல சங்கிலிகள் அறுகின்றன. மீந்த கண்ணிகளையும் கட்டிவிடுங்கள்.

ஓட்டும்போது மணிக்கு 50 கிலோமீட்டர்தான் உச்சம். தயாரிப்பாளர் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. சக்கரம் ஒரே இடத்தில் சுழன்றால் ஆக்சிலரேட்டரை விடுங்கள். வெறுமனே சுழலும் சக்கரத்துக்குத் திடீரென்று பிடி கிடைக்கும் நொடியில் கண்ணி தெறிக்கும். இறக்கத்தில் வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைக்கும் குரூஸ் கன்ட்ரோலை அணைத்து, கியரைக் குறைத்து, எஞ்சின் பிடிக்கட்டும் என்று இறங்குங்கள். பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் திறந்து வையுங்கள். சீரான தடதட ஓசை மாறி, இரும்பு மட்கார்டில் அடிக்கும் சத்தம் கேட்டால் உடனே ஓரங்கட்டிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: நல்ல பனிக்கால டயர் போட்டிருக்கிறேன். அப்படியும் சங்கிலி எடுத்துப்போக வேண்டுமா?

பதில்: ஆமாம். மூன்று சிகரங்களுக்குள் பனித்துகள் படம் பொறித்த டயர், 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும் ரப்பர் விறைக்காமல் இருக்கும்படி செய்யப்பட்டது. அன்றாடப் பனிக்கு அது போதும், நான் மிகவும் மதிக்கிற பொருள். ஆனால் வழவழப்பான பனிக்கட்டி படிந்த சரிவில், கட்டியைக் கடித்துப் பிடிக்கும் வேலையைச் சங்கிலி செய்கிற அளவுக்கு ரப்பர் செய்யாது. சட்டமும் கேட்கும். கலிஃபோர்னியா மலைச் சாலைகளில் சங்கிலிக் கட்டுப்பாட்டுக்கு மூன்று நிலைகள் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் நிலையில், நான்கிலும் பனி டயர் உள்ள ஃபோர் வீல் வண்டிக்கு விலக்கு உண்டு, ஆனாலும் சங்கிலி வண்டிக்குள் இருக்க வேண்டும். மூன்றாம் நிலையில் யாருக்கும் விலக்கு இல்லை. நீங்கள் போகும் பாதையின் விதியைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டயருக்குச் சங்கிலி கட்டும் யோசனை யாருடையது?

பதில்: அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் என்பவர் 1904இல் காப்புரிமை வாங்கினார். சகதியிலும் பனியிலும் வழுக்காமலிருக்க ஓட்டுநர்கள் டயரில் கயிறு சுற்றுவதைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். பக்கங்களில் இரண்டு சங்கிலி, நடுவே குறுக்குச் சங்கிலிகள் என்ற அந்த ஏணி அமைப்பு இன்னும் விற்பனையில் இருக்கிறது.

கேள்வி: நடுநடுவே பனியில்லாத தார்ச் சாலை வருகிறது. ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டுமா?

பதில்: சில மீட்டர் என்றால் மெதுவாக ஊர்ந்து கடந்துவிடுங்கள். நீண்ட தூரம் காய்ந்திருந்தால் கழற்றத்தான் வேண்டும். சங்கிலி தேயும், டயர் அடிபடும், காய்ந்த தார் மேல் பிரேக் பிடிமானமும் குறையும். ஃபோர் வீலையும் அங்கே டூ வீலுக்கு மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் சங்கிலியை நல்ல தண்ணீரில் அலசி, சாலையில் தூவிய உப்பு போகக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே பையில் போடுங்கள். மடித்து வைக்கும்போதே குறுக்குக் கண்ணிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பாருங்கள். மெலிந்தது ஏதாவது தென்பட்டால், அடுத்த பனி விழும் வரை காத்திருக்காமல் அதை மாற்றிவிடுங்கள்.