மணியோசையைத் தேடிய ஆர்வோ பேர்ட்

கேள்வி: எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் இசை மிக எளிமையாக ஒலிக்கிறதே, அதற்கு இலக்கணம் ஏதும் உண்டா?
— வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: உண்டு, அதுவும் மிகக் கண்டிப்பான இலக்கணம். 1935இல் பிறந்த பேர்ட், தொடக்கத்தில், பன்னிரண்டு சுரங்களையும் குறித்த ஒரு வரிசையில் அடுக்கி இசையமைக்கும் பன்னிரு சுர வரிசை முறையில் எழுதியவர். சோவியத் ஆட்சியில், 1968இல் அரங்கேறிய 'கிரெடோ' என்னும் சமயப் படைப்பு கண்டனத்துக்கு உள்ளான பின், எழுதுவதைப் பெரிதும் குறைத்துக்கொண்டு, கிரிகோரியன் துதிப்பாடல்கள் எனப்படும் பழைய கத்தோலிக்க ஒற்றைக்குரல் பாடல்களையும் பழைய ஐரோப்பியப் பலகுரல் இசையையும் ஒரு மாணவரைப் போலப் பயின்றார். அந்தத் தவத்தின் பயனாக 1976இல் 'ஃபூர் அலீனா' என்ற சிறு பியானோ படைப்பு பிறந்தது.

அதில் வலக்கை பி மைனர் என்ற சுர வரிசைக்குள் உலாவ, இடக்கையோ அதன் முக்கூட்டுச் சுரங்களான பி, டி, எஃப் ஷார்ப் ஆகியவற்றையே தொட்டுச் செல்கிறது. தொடக்கத்தில் அழுத்தப்படும் தாழ்ந்த பி சுரம், ஒலியை நீட்டிக்கும் பெடலை விடாததால், அடியில் மெல்லக் கரைந்துகொண்டே இருக்கிறது. இம்முறைக்கு, சிறுமணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'டின்டினாபுலி' என்று பெயரிட்டார். ஒரேயொரு இடத்தில் இடக்கை விதியை மீறி சி ஷார்ப்பைத் தொடுகிறது. என்னை ஒவ்வொரு முறையும் நெகிழவைக்கும் அந்த இடத்தில், இசைக்குறிப்பில் அவர் ஒரு பூவை வரைந்திருக்கிறார்.