வீடு தேடி வந்து வாங்கிப்போகும் சிறுநீரில் செல் உயிரோடு இருக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. 12 வருடமாகச் சர்க்கரை. ஒரு மாதமாகச் சிறுநீரில் நுரை வருகிறது என்கிறார். ஒரு லேபில் 'சிறுநீர் செல் மார்க்கர் பேக்கேஜ்' 6,500 ரூபாய் என்கிறார்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறுவதற்கு முன்பே கிட்னி பழுதைக் காட்டிவிடுமாம். வீட்டுக்கே வந்து சாம்பிள் வாங்கிக்கொள்வார்களாம். எடுக்கலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆனால் அந்த விளம்பரம் முழுப் பொய்யும் இல்லை. கிரியேட்டினின் கண்ணில் படும்படி ஏறும்போது சிறுநீரகத்தின் வேலைத்திறனில் பாதி வரைகூடப் போயிருக்கலாம். அதற்கு முன்பே ஏதாவது தடயம் கிடைக்குமா என்று உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். சிறுநீரக வடிகட்டியைப் போடோசைட் என்ற செல்கள் போர்த்தியிருக்கின்றன. வடிகட்டி அடிபட்டால் அவை உதிர்ந்து சிறுநீரோடு வெளியே வருகின்றன. அவற்றின் மேலுள்ள போடோகாலிக்ஸின் என்ற புரதத்தை அடையாளமாக வைத்து எண்ணிவிடலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோய் சிறுநீரகத்தைத் தொடும்போது சிறுநீரில் வரும் டி செல்களையும் (ஒருவகை வெள்ளையணு) இப்படி எண்ணிப் பார்க்கிறார்கள்.

நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் பெரும்பாலும் ஆராய்ச்சியாகவே இருக்கிறது. உங்கள் அப்பாவைப் போன்ற சர்க்கரை நோயாளிக்கு இந்த எண்ணுக்கு மேல் போனால் இந்த மருந்து என்று எல்லோரும் ஏற்ற வரம்பு இன்னும் இல்லை. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரையை மாற்றுவாரா என்று உங்கள் டாக்டரையே கேளுங்கள். மாற்றமாட்டார் என்றால் 6,500 ரூபாய் எதற்கு?

எனக்கு உறுத்துவது அந்த வீட்டு சாம்பிள் விஷயம்தான். சிறுநீரில் செல்கள் நீண்ட நேரம் தாங்காது. மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதென்றால் 2 மணி நேரத்துக்குள் பார்ப்பது நல்லது. காலையில் வாங்கிய பாட்டில் பைக் பையில் ஊரைச் சுற்றி மதியம் லேபுக்குப் போனால் நிறைய செல்கள் வெடித்துக் கரைந்திருக்கலாம். செல்லை எண்ணக் காசு வாங்கிக்கொண்டு செல்லைக் கரையவிடுவது என்ன கணக்கோ!

சரி, என்ன எடுக்கலாம்? யூரின் ஏ.சி.ஆர்., அதாவது சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறை அவசியம். காலையில் கழிக்கும் முதல் சிறுநீர் நல்லது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் அல்புமினுக்குக் கீழே இருந்தால் நிம்மதி, 300-ஐத் தாண்டினால் நெஃப்ராலஜிஸ்டை (சிறுநீரக மருத்துவரை) பாருங்கள். காய்ச்சல், நீர்க்கடுப்பு, கடும் உடற்பயிற்சி இருந்தால் தற்காலிகமாகவும் ஏறும். அதனால் 3 முதல் 6 மாதத்துக்குள் எடுத்த மூன்றில் இரண்டு கூடுதலாக இருந்தால்தான் முடிவு சொல்வார்கள். கூடவே ரத்தத்தில் கிரியேட்டினின், அதிலிருந்து கணக்கிடும் ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு). நுரை எல்லாமே புரதமில்லை. சோதிக்காமல் பயப்படவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம்.

அப்புறம், மைக்ரோஸ்கோப்போடு சேர்ந்த சாதாரண யூரின் டெஸ்ட். அதுவும் செல்லைப் பார்க்கும் சோதனைதான், பெயரில்தான் பளபளப்பு இல்லை. சிவப்பணு உருக்குலைந்து, காது முளைத்த மாதிரி தெரிந்தால் ரத்தம் கசிவது வடிகட்டியிலிருந்து என்று சந்தேகிப்பார்கள். உருண்டையாக ஒழுங்காக இருந்தால் கல், கட்டி என்று வடிகட்டிக்குக் கீழே உள்ள சிறுநீர்ப் பாதையில் தேடுவார்கள். சிவப்பணுக்கள் குழாய் வடிவில் ஒட்டி வந்தால் (ரிப்போர்ட்டில் 'ஆர்.பி.சி. காஸ்ட்' என்றிருக்கும்) தாமதிக்கக் கூடாது. இதற்கு மட்டும் அப்பாவை லேபுக்கே கூட்டிப்போய் அங்கேயே சாம்பிள் கொடுங்கள். கிரியேட்டினினும் இந்த டெஸ்ட்டும் அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும்.

'என்.ஏ.பி.எல். (லேப்களின் தரத்தைச் சான்றளிக்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உண்டு' என்று லேபில் சொன்னால் அதோடு விடாதீர்கள். அந்த அங்கீகாரம் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனித்தனி. ரத்தச் சர்க்கரைக்கு இருப்பது செல் மார்க்கருக்கும் இருக்கும் என்றில்லை. பில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏமாற்றியதாகத் தெரிந்தால் 1915-க்கு அழைத்து நுகர்வோர் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்கி வீட்டிலேயே பார்த்துக்கொண்டால் போதாதா?
- வாசகர், நாமக்கல்

பதில்: போதாது. சாதாரண ஸ்ட்ரிப், ஆரம்பக்கட்டத்தில் கசியும் சிறிதளவு அல்புமினைக் காட்டாது. மூடியைத் திறந்து போட்டால் ஈரக்காற்றில் அட்டையே கெட்டுவிடும். வைட்டமின் சி மாத்திரை நிறையச் சப்பியிருந்தால், சிறுநீரில் ரத்தம் இருந்தும் ஸ்ட்ரிப் இல்லை என்று சொல்லிவிடும்.