தினமும் வைட்டமின் சி மாத்திரை போட்டால் சளி பிடிக்காதா?

சளி பிடிக்காமல் இருக்க தினமும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையைச் சப்பி வருகிறேன், இதை ஆயுசுக்கும் தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் 2021-இல் எங்கள் வீட்டில் கீழே ஒரு ஆள் வைட்டமின் சி-யைத் தேவைக்கு மேல் தின்றுகொண்டிருந்தார். மாடியில் ஒரு ஆளுக்கு அது இல்லாமல் ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கீழே இருந்தது நான். மாடியில் சித்தப்பா.

சித்தி போன பிறகு சித்தப்பா தனியாகத்தான் பொங்கிச் சாப்பிடுகிறார். கடைவாய்ப் பற்கள் கிடையாது. காலையில் பாலில் நனைத்த ரஸ்க், மத்தியானம் குழையப் பிசைந்த தயிர் சாதம், ராத்திரி இட்லியும் பொடியும். நாங்கள் மேலே கொடுத்தனுப்பும் பொரியல் பெரும்பாலும் அப்படியே கீழே வந்துவிடும். கொய்யா சாப்பிட்டால் சளி, எலுமிச்சை சளி, ஆரஞ்சு கேட்கவே வேண்டாம். பீடி மட்டும் நாள் தவறாது.

முதலில் ஈறு வீங்கியது. பல் மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்துவிட்டு வந்தார், நிற்கவில்லை. அப்புறம் எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே காலில் நீலம் நீலமாகக் கன்றிப்போனது. முட்டி வலி, படியேறினால் அசதி. வயசாகிறது என்று எல்லோரும் சொன்னோம். ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சரியாகவே இருந்தன. கடைசியாகப் பார்த்த பொது மருத்துவர் வேட்டியைத் தூக்கச் சொல்லி, கெண்டைக்கால் முடியை டார்ச் அடித்துப் பார்த்தார். முடி ஒவ்வொன்றும் ஸ்க்ரூ மாதிரி சுருண்டிருந்தது, வேரைச் சுற்றிக் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளி. "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். "எல்லாமே சாப்பிடுவேன் சார்" என்றார் சித்தப்பா. நான் பக்கத்திலிருந்து உண்மையைச் சொன்னேன்.

ஸ்கர்வி. வைட்டமின் சி இல்லாமல் போனால் வரும் நோய். பள்ளிப் பாடத்தில் பொருத்துக வினாவுக்காகப் படித்த அதே வார்த்தை.

வைட்டமின் சி என்றாலே எதிர்ப்புச் சக்தி என்று விளம்பரம் நம்மைப் பழக்கிவிட்டது. அதற்கும் அது தேவைதான், வெள்ளணுக்கள் அதை நிறையவே சேர்த்து வைத்துக்கொள்கின்றன. ஆனால் அது இல்லாமல் போனால் முதலில் ஆட்டம் காண்பது உடம்பின் கட்டுமானம். தோல், ஈறு, ரத்தக் குழாய், எலும்பு எல்லாவற்றையும் பிடித்துவைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகளைச் சேர்த்துத் திரித்த கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். திரித்த முறுக்கு அவிழாமல் நிற்க அந்த இழைகளில் ஒரு சின்ன வேதி மாற்றம் நடக்க வேண்டும். அதைச் செய்யும் நொதியின் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. அந்த இரும்பு துருப்பிடிப்பது போல நிலை மாறிவிட்டால் நொதி வேலை செய்யாது. அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் வைட்டமின் சி-யின் வேலை. அது இல்லையென்றால் உடம்புச் சூட்டிலேயே கயிறு பிரிந்துவிடும். மெல்லிய ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிப்பது இதனால்தான்.

கொலாஜனை ஒரு தடவை கட்டிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை, பழையதை எடுத்துப் புதியதை வைத்துக்கொண்டே இருக்கிறது உடம்பு. 1740-களில் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதி கப்பல்களோடு உலகைச் சுற்றியபோது ஸ்கர்வியில் கொத்துக்கொத்தாக ஆட்கள் செத்தார்கள். அந்தப் பயணக் குறிப்பில் ஒரு கிழவர் வருகிறார். அயர்லாந்தின் பாய்ன் போரில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பட்ட காயம், ஆறி மறந்தே போனது, கடல் நடுவே திரும்பத் திறந்துகொண்டதாம். சித்தப்பாவின் கால் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிழவர் ஞாபகம்தான் வரும்.

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஜோடிக்கொரு வைத்தியம் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும் ஆறே நாளில் தேறிவிட்டார்கள். ஆனால் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றைக் கட்டாயமாக்க 1795 ஆயிற்று! (அரசாங்க ஃபைல் எந்த ஊரிலும் ஒரே வேகம்தான்.) வைட்டமின் சி-யைப் பிரித்தெடுத்த ஹங்கேரி விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜிக்கு 1937-இல் நோபல் கிடைத்தது.

ஆட்டுக்கு ஸ்கர்வி வராது. அது தன் கல்லீரலிலேயே கிராம் கணக்கில் வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும். நமக்கும் அதற்கான மரபணு இருக்கிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது. குரங்கு, கினிப்பன்றி எல்லாம் நம் கட்சி.

சரி, என் கதைக்கு வருகிறேன். கொரோனா சமயத்தில் பயந்துபோய் மாத்திரை அட்டைகளை வாங்கிக் குவித்தேன். காலையில் 500, ராத்திரி 500. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 போதும். ஸ்கர்வி வராமல் தடுக்க மட்டும் என்றால் 10 மில்லிகிராமே காணும். புகை பிடிப்பவர்களுக்குக் கூடுதலாக 35 வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு, சித்தப்பாவின் பீடிக்கு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அளவாகச் சாப்பிட்டால் குடல் முக்கால் பங்குக்கும் மேல் உறிஞ்சிவிடும். ஒரு கிராமைத் தாண்டினால் பாதிகூட உள்ளே போகாது, உள்ளே போனதிலும் மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். ஆக நான் காசு கொடுத்து வாங்கியதில் பெரும்பகுதி கழிப்பறைக்குத்தான் போனது.

சளி விஷயத்தில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு தெளிவாகவே சொல்கிறது: தினமும் மாத்திரை போட்டாலும் சாதாரண ஆட்களுக்குச் சளி பிடிக்கும் தடவை குறைவதில்லை. பிடித்த சளி பெரியவர்களுக்கு 8 சதவீதம் சீக்கிரம் போகிறது. ஏழு நாள் சளி ஆறரை நாள் ஆகிறது, அவ்வளவுதான். மாரத்தான் ஓடுபவர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுக்கும் சிப்பாய்கள் போன்றவர்களுக்கு மட்டும் சளி பாதியாகக் குறைந்தது. நீங்கள் அந்த ரகமா என்று தெரியவில்லை, நான் இல்லை. மூக்கு ஒழுக ஆரம்பித்த பிறகு மாத்திரை போடுவதில் சொல்லும்படியான பலன் தெரியவில்லை.

உங்கள் 500-ஆல் பெரும்பாலோருக்குக் கெடுதல் வராது. பெரியவர்களுக்கு உச்ச வரம்பு 2,000 என்று வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டினால் வயிறு கலக்கிவிடும். ஆனால் சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் யோசியுங்கள். கூடுதல் வைட்டமின் சி-யில் ஒரு பகுதி உடம்பில் ஆக்சலேட்டாக மாறும், அதுதான் பெரும்பாலான கற்களின் மூலப்பொருள். எனக்கு ஏற்கெனவே ஒரு கல் வந்து போயிருந்தது. சித்தப்பாவைப் பார்த்த அதே மருத்துவர் பேச்சுவாக்கில் இதைக் கேட்டுவிட்டு, "அவருக்கு ஆரம்பிங்க, நீங்க நிறுத்துங்க" என்றார்.

மாத்திரைக்குப் பதிலாக என்ன என்றால், 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, ஆரஞ்சைப் போல நாலு மடங்கு. நெல்லிக்காயும் சளைத்ததல்ல. முருங்கைக்கீரையில் நிறைய உண்டு, ஆனால் வேகவைத்து நீரை வடித்தால் அந்த நீரோடு போய்விடும். சூடும் காற்றும் இதற்கு ஆகாது, செம்புப் பாத்திரமும் ஆகாது. அடுப்பை அணைத்த பிறகுதான் எலுமிச்சை பிழிய வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். அவர்கள் பயந்தது கசப்புக்கு, ஆனால் தப்பித்தது வைட்டமினும்தான். கீரை, பருப்பில் இருக்கும் இரும்புச் சத்து உடம்பில் சேரவும் அந்த எலுமிச்சை உதவும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை விட்டுவிட்டு இதைச் செய்து பார்க்கலாம்.

சித்தப்பாவுக்கு அந்த மருத்துவர் ஒரு மாதம் தினமும் 500 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். நாலைந்து நாளில் ஈறு கசிவது நின்றது, மூன்று வாரத்தில் கால் நீலம் மஞ்சளாகி மறைந்தது. மருந்துக் கடைக்குப் போகவில்லை, நான் வாங்கிக் குவித்த அட்டைகளையே அவர் தின்று தீர்த்தார். இப்போது கொய்யாவைக் கீறி, விதையை வழித்துப்போட்டு, கரண்டியால் மசித்துக் கிண்ணத்தில் கொடுத்தனுப்புகிறோம். சளி பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டேதான் சாப்பிடுகிறார்.