கையெழுத்துப் போடாத அப்பத்தா

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் செவிலியராக இருக்கிறேன். போன வருடம் பத்து வயது, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ரண ஜன்னிக்கும் (டெட்டனஸ்) தொண்டை அடைப்பானுக்கும் (டிப்தீரியா) எதிரான டி.டி. தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்தார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய சம்மதப் படிவங்களில் நிறைய திரும்பி வரவேயில்லை. 'இந்த ஊசி போட்டால் பின்னால் குழந்தை பிறக்காது' என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வேறு சுற்றியது. ஊசி போட்ட அன்று பத்தாம் வகுப்பில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அதைப் பார்த்து இன்னும் சிலர் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார்கள். 'நமக்கெதற்கு வம்பு, வேண்டியவர்கள் வெளியே போட்டுக்கொள்ளட்டும்' என்கிறார் தலைமையாசிரியை. காயத்துக்கு மருந்து போடுவதோடு என் வேலை முடிந்ததா அக்கா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

முடியவில்லை. பள்ளிச் செவிலியர் என்றால் முழங்கால் சிராய்ப்பைத் துடைக்கிறவர், வயிற்று வலிக்காரியை ஒரு பீரியட் படுக்க வைக்கிறவர் என்றுதான் பல நிர்வாகங்கள் நினைக்கின்றன. ஊசி போடுவது சுகாதார நிலையத்தின் வேலைதான். ஆனால் அங்கிருந்து வருகிற கிராம சுகாதாரச் செவிலியர் உங்கள் பள்ளிக்கு எப்போதாவது வருகிறவர். எந்தப் பிள்ளைக்கு இழுப்பு, யாருக்கு ஊசியைக் கண்டாலே நடுக்கம், எந்த வீட்டில் யார் சொல் எடுபடும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

முதலில் அந்தப் படிவங்கள். திரும்பி வராததை எல்லாம் 'மறுத்தவர்கள்' என்று கணக்கெழுதாதீர்கள். சில படிவங்கள் பைக்குள் டிபன் பாக்ஸுக்கு அடியில் சாம்பார்க் கறையோடு கிடக்கும். மற்றதில் நம் பக்கத்துக்கே உரிய சங்கதி ஒன்று உண்டு. அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். அம்மாவும் சென்னையில் வேலையில் இருந்தால் பிள்ளை அப்பத்தாவோடு வளரும். படிவம் போய்ச் சேருவது அப்பத்தா கையில். அவர் கையெழுத்துப் போடாததற்கு ஊசிப் பயம் காரணம் என்று நாம் நினைக்கிறோம். பல வீட்டில் அது மகனை நினைத்து வருகிற பயம். 'நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், யாரைக் கேட்டுப் போட்டீங்கன்னு அவன் சத்தம் போடுவானே' என்பார். இவரிடம் தொண்டை அடைப்பானைப் பற்றி அரைமணி நேரம் பேசி என்ன ஆகப்போகிறது?

மகனிடம் பேசுங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே எட்டரை, வேலை முடிந்து வந்திருப்பார். அங்கே பள்ளிக்கே செவிலியர் குழு வந்து தடுப்பூசி போடுகிறது என்பதைச் சொன்னால், 'அப்படியா, இங்கேயும் அதுதானா' என்று கேட்பவர் பாதி சம்மதித்த மாதிரி. அவர் வாயாலேயே 'போடச் சொல்லுங்க ஆத்தா' என்று அப்பத்தாவுக்கு ஒரு குரல் பதிவு வாங்கிவிடுங்கள். அப்புறம் அப்பத்தா மறுநாள் காலையிலேயே படிவத்தைக் கொடுத்தனுப்புவார்.

குழந்தை பிறக்காது என்கிற புரளிக்கு வருவோம். இது புதிதில்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியைப் பள்ளிகளில் போட்டபோதும் இதே மாதிரி வதந்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. பல பெற்றோர் தயங்கினார்கள். முகாம் நாட்களையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பதில் சொல்ல மருத்துவப் புத்தகம் வேண்டாம். ரண ஜன்னிக்கான ஊசியை நம் நாட்டில் பல பத்தாண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்கே போட்டு வருகிறோம். இப்போது அதோடு தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 'உங்க மருமகள் மாசமா இருந்தப்ப ஊசி போட்டாங்களே ஆச்சி, அதுக்கப்புறம் பொறந்தவன்தானே இவன்?' என்று கேளுங்கள். குழுவில் பதிலுக்கு நீளமாக எழுதாதீர்கள். அங்கே எழுதினால் வம்பு வளரும். ஒவ்வொருவராகப் பேசுங்கள்.

அம்மனையும் இதற்குள் இழுக்க வேண்டாம். அம்மை வந்தால் வேப்பிலை கட்டுகிற வீட்டில் போய் 'அதெல்லாம் மூடநம்பிக்கை' என்று ஆரம்பித்தால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். வேப்பிலை கட்டுகிற கைதான் பெரியம்மைக்கும் ஊசி போட்டுக்கொண்டது. 1977-ல் நாட்டில் அந்த நோய் ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். முத்துமாரியம்மன் கோயில் மாசி, பங்குனித் திருவிழா நாட்களில் முகாம் வைக்காதீர்கள் என்று மட்டும் சுகாதார நிலையத்தில் சொல்லிவையுங்கள். காப்புக் கட்டிய வீட்டில் ஊசி வேண்டாம் என்பார்கள், பொதுத்தேர்வும் அப்போதுதான். ஜூலை, ஆகஸ்ட் வசதி.

இனி அந்த மயக்கம். இதற்குத்தான் உங்கள் தலைமையாசிரியை பயப்படுகிறார், அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. வளரும் வயதுப் பிள்ளைகள் ஊசிக்கு மயங்குவது மருந்தின் கோளாறு இல்லை. பயமும் வெறும் வயிறும் வெயிலில் நிற்பதும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். வராந்தாவில் வரிசையாக நிற்க வைத்து, முன்னால் நிற்பவளுக்கு ஊசி ஏறுவதைப் பின்னால் இருபது பேர் பார்த்தால் யாருக்குத்தான் கால் நிற்கும்? காலைச் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு ஆரம்பியுங்கள். 'சாப்பிட்டாயா' என்று கேட்டுவிட்டு உள்ளே விடுங்கள். ஐந்து ஐந்து பேராக அழைத்து, ஊசி போடும் இடத்தை ஒரு திரையால் மறையுங்கள். உட்கார வைத்தே போடச் சொல்லுங்கள், எழுதாத கையில். பயந்த பிள்ளையைக் கடைசி வரை காக்க வைக்காதீர்கள், முதலிலேயே முடித்துவிடுங்கள். போட்ட பிறகு அரைமணி நேரம் வேறொரு அறையில் உட்காரட்டும். அந்த அறையில் நீங்கள் இருக்க வேண்டும். மயங்கினால் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். தோல் தடித்துச் சிவப்பதோ, உதடு வீங்குவதோ, மூச்சு இளைப்பதோ கண்டால் அது மயக்கமில்லை, மருந்து ஒவ்வாமை. மிக மிக அரிது. ஆனாலும் குழுவினரிடம் அதற்கான அவசர மருந்தான அட்ரினலின் இருக்கிறதா என்று காலையிலேயே கேட்டு, பெட்டியைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். கை வலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாள் இருக்கலாம் என்று படிவத்திலேயே எழுதி அனுப்பினால் ராத்திரி போன்கள் குறையும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஊசி போடாத பிள்ளையின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, வகுப்பில் எழுப்பி நிறுத்துவது எதுவும் கூடாது. முடிவு பெற்றோருடையது, அவமானம் மட்டும் பிள்ளைக்கு. எனக்கு இதில் சமாதானமே கிடையாது.

ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போது தடுப்பூசி அட்டையின் நகலை வாங்கி ஒரு நோட்டில் பதியுங்கள். ஐந்து வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊசியை (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்குமானது)ப் பலர் விட்டிருப்பார்கள். ஏழு வயது வரை அதைப் போடலாம், அதற்கு மேல் டி.டி.தான். விட்டவர்களுக்கு ஊர் துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமை இலவசமாகப் போடுகிறார்கள்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி ஊசி பற்றிக் கேட்பார்கள். 'கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு எதற்கு' என்பதுதான் கேள்வியாக இருக்கும். தாம்பத்தியத்தின் வழியாகப் பரவுகிற அந்தக் கிருமி உடம்பில் நுழைவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். அதனால்தான் ஒன்பதிலிருந்து பதினான்கு வயது. சிங்கப்பூரில் 2019 முதல் செகண்டரி ஒன்றில் (நம் ஏழாம் வகுப்பு மாதிரி) படிக்கும் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே போடுகிறார்கள். இதை அம்மாக்களை மட்டும் தனியாக அழைத்துப் பேசுங்கள்.

தலைமையாசிரியையிடம் ஊசி நல்லது என்று வாதாடாதீர்கள், அவருக்கே தெரியும். மருத்துவ அலுவலர் அன்று பள்ளியில் இருப்பாரா, வண்டி நிற்குமா, பெற்றோர் யாராவது சத்தம் போட்டு வந்தால் பேசப்போவது யார் என்பதை ஒரே தாளில் எழுதி, கீழே உங்கள் பெயரைப் போட்டு மேசையில் வையுங்கள். இந்த வருடம் ஐந்தாம் வகுப்பை மட்டும் கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு அளவுக்கு மயங்க மாட்டார்கள். அது நல்லபடி முடிந்தால் பெரிய வகுப்புக்கு அவரே தேதி கேட்பார்.