அவள் எதை எடுத்துப் போகவில்லை?

குற்றப் புலனாய்வில் 27 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டிலிருந்து காணாமல் போய், வருடக்கணக்காகத் துப்புக் கிடைக்காத பெண்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: அக்கா காணாமல் போய் 11 வருடம் ஆகிறது. "யாரோடோ ஓடிப்போய்விட்டாள்" என்று மாமாதான் புகார் கொடுத்தார். எங்களுக்கு அவர் மேல்தான் சந்தேகம். இப்போது போய் என்னவென்று சொல்வது?

சந்தேகத்தைச் சொல்வதற்கு முன்னால், அக்கா எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று உட்கார்ந்து எழுதுங்கள் அம்மா. என்னிடம் வந்த ஒரு வழக்கிலும் இதே புகார்தான். பீரோவில் நகை இல்லை, நாலு புடவை இல்லை, பையும் இல்லை. ஓடிப்போனதற்கு எல்லாம் பொருத்தமாக இருந்தது. ஆனால் அவளுடைய மூக்குக் கண்ணாடி டிவி மேலேயே இருந்திருக்கிறது. மைனஸ் 6 பவர். கண்ணாடி இல்லாமல் வாசல்படி இறங்க மாட்டாள் என்றார் அவள் அம்மா. தினமும் போடும் தைராய்டு மாத்திரை அட்டையில் மூன்றுதான் பிரிந்திருந்தது. அந்தப் பையைக் கட்டியது அவள் இல்லை என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. வழக்கு என் கைக்கு வந்தபோது 4 வருடம் ஓடியிருந்தது. முதலில் விசாரித்தவர்கள் கண்ணாடியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. தங்கைதான் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தாள்.

அதனால் கண்ணாடி, மாத்திரை, பாஸ்புக், சான்றிதழ் எதையும் விடாதீர்கள். அப்புறம், அவள் போன பிறகு வங்கிக் கணக்கில் பணம் எடுத்தது யார், நிலத்தை விற்றது யார், எந்தக் கையெழுத்தில் விற்றார்கள் என்று பாருங்கள். காணாமல் போன மனைவியைக் கணவர் எங்கெல்லாம் தேடினார் என்றும் கேளுங்கள். தேடவே இல்லை என்றால் அதையும் தேதி போட்டு எழுதுங்கள்.

கேள்வி: வழக்கைக் "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று மூடிவிட்டதாகத் தாமதமாகத்தான் தெரிந்தது. எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. மூடும் அறிக்கையை ஏற்பதற்கு முன் மாஜிஸ்திரேட் புகார்தாரருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புகார்தாரர் யார்? கணவர். தகவல் அவருக்குப் போயிருக்கும், அவர் ஆட்சேபிக்கவா போகிறார்? பெற்றோரோ உடன்பிறந்தவர்களோ தங்கள் பெயரிலேயே தனியாகப் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும் என்று நான் தலையால் அடித்துக்கொள்வது இதனால்தான். மூடிய வழக்கிலும் மேல்விசாரணை உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173(8), 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் 193(9). புதிதாக ஒரு விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: உடல் கிடைக்காவிட்டால் கொலை வழக்கு நிற்காதாமே?

நிற்கும். சேவகப் பெருமாள் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில், உடல் கிடைத்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அவர் உயிரோடு இல்லை என்பதை மற்ற சாட்சியங்கள் ஐயமின்றிக் காட்ட வேண்டும். சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அது மட்டும் போதாது.

கேள்வி: 7 வருடம் ஆனால் இறந்ததாக அறிவித்துவிடுவார்களாமே? அதோடு வழக்கு முடிந்ததா?

இல்லை. 7 வருடம் தகவலே இல்லையென்றால், உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். எப்போது, எப்படி இறந்தார் என்று அது சொல்லாது. கொலைக்குக் காலவரம்பும் கிடையாது.

கேள்வி: மாமாவுக்கு உண்மை கண்டறியும் சோதனை வைக்கச் சொல்லலாமா?

அவர் சம்மதித்தால் மட்டும். 2010-இல் செல்வி என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடிவாகச் சொல்லிவிட்டது. அதை நம்பி நாளைக் கழிக்காதீர்கள்.

கேள்வி: இத்தனை வருடம் கழித்து என்ன கிடைக்கப் போகிறது ஐயா? அம்மா தினமும் அழுகிறார்.

பெங்களூரு ரிச்மண்ட் சாலை வழக்கைச் சொல்கிறேன். மைசூர் திவானாக இருந்த மிர்சா இஸ்மாயிலின் பேத்தி 1991-இல் காணாமல் போனார். மகள் கேட்டபோதெல்லாம் கணவர் சிரத்தானந்தா ஒவ்வோர் ஊராகச் சொன்னார். மனைவி கொடுத்திருந்த பவர் பத்திரத்தை வைத்துச் சொத்துகளையும் விற்றார். மகள் விடவில்லை, 1992-இல் புகார் கொடுத்தார். 1994-இல் அந்த வீட்டு வளாகத்திலேயே உடலைத் தோண்டி எடுத்தார்கள். கணவருக்குச் சாகும்வரை சிறை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எலும்பு பல வருடம் தாங்கும். அது யாருடையது என்று சொல்லத்தான் ஒப்பிட ஆள் வேண்டும். உங்கள் அம்மாவின் ரத்த மாதிரியை மரபணுச் சோதனைக்கு எடுத்து வைக்கும்படி இப்போதே மனு கொடுங்கள். அவருக்கு வயதாகிறது என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன்.

கேள்வி: அப்போது அக்கா மகனுக்கு 5 வயது. இப்போது "அன்று ராத்திரி சத்தம் கேட்டது" என்கிறான். மேலே கேட்கலாமா?

கேட்காதீர்கள். நீங்கள் கேட்கக் கேட்க, எது அவன் நினைவு, எது உங்கள் கேள்வி என்று அவனுக்கே தெரியாமல் போய்விடும். அவனாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதித் தேதி போடுங்கள். மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் பதிவு செய்ய வழி இருக்கிறது, விசாரணை அதிகாரி மூலமாக அதற்கு மனு போகும்படி வக்கீலை விட்டுக் கேளுங்கள். அதுவரை அவன் யார் வீட்டில் தூங்குகிறான் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.