கேளுங்கள், சொல்கிறோம்: காடு யார் பொறுப்பு?

கேள்வி: காட்டை ஊர் மக்கள் கையில் கொடுத்தால் வெட்டி விற்றுவிட மாட்டார்களா? வேலி போட்டுக் காவல் வைப்பதுதானே பாதுகாப்பு?

பதில்: நேபாளம் அப்படித்தான் நினைத்தது. 1957-ல் காடுகளை எல்லாம் அரசுடைமை ஆக்கியது. ஆனால் நேற்றுவரை 'நம்ம காடு' என்று பார்த்துக்கொண்டவர்களுக்கு அது திடீரென்று யாருடையதோ ஆகிப்போக, காவலுக்குப் போதிய ஆளும் இல்லாமல், காடு அழிந்ததுதான் மிச்சம். அப்புறம் 1993-ல் வந்த சட்டம், நிலம் அரசுடையது, விளைபொருள் பயனர் குழுவுடையது, அதாவது அந்தக் காட்டைப் பயன்படுத்தும் ஊர் மக்கள் சேர்ந்த குழுவுடையது என்று பிரித்துக் கொடுத்தது. எந்தப் பகுதியில் எப்போது புல் அறுக்கலாம், எவ்வளவு விறகு எடுக்கலாம் என்பதை எல்லாம் குழுவே திட்டமாக எழுதி வனத்துறையிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். இன்று அங்கே இப்படி 20,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன, மொட்டையாகிக் கிடந்த பல மலைச்சரிவுகளில் மரம் திரும்பியிருக்கிறது.

கேள்வி: அப்படியானால் குழு அமைத்தால் போதுமா?

பதில்: போதாது! குழுவில் வசதியானவர்களே உட்கார்ந்துகொண்டு 'ஐந்து வருஷம் யாரும் உள்ளே போகக் கூடாது' என்று முடிவெடுத்தால், வீட்டில் கேஸ் அடுப்பு இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது, விறகை நம்பி இருப்பவர் பாடுதான் திண்டாட்டம். 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் இதைத்தான் அழுத்திச் சொன்னார்: விதிக்குக் கட்டுப்படுகிறவர்களுக்கு அந்த விதியை மாற்றுவதிலும் இடம் வேண்டும், மீறினால் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும். எடுத்த எடுப்பில் பெரிய அபராதம் போட்டால் பகைதான் வளரும்.