எது துரோகம்?

கேள்வி: காதலி இருக்கும்போது, நள்ளிரவில் முன்னாள் காதலிக்கு 'தூங்கிட்டியா?' என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவது துரோகமா என்று எங்கள் உளவியல் வகுப்பில் விவாதம் எழுந்தது. மாணவிகள் பலர் ஆம் என்றோம், மாணவர்கள் சிரித்தார்கள். ஆணுக்கு உடல்தான் பெரிது, பெண்ணுக்கு மனம்தான் பெரிது என்று அமெரிக்க ஆய்வே நிரூபித்துவிட்டதாகப் பேராசிரியர் முடித்துவிட்டார். அது சரிதானா?
- ஒரு மாணவி, திருச்சி

பதில்: உங்கள் பேராசிரியர் மனத்தில் இருப்பது, அமெரிக்க உளவியலாளர் டேவிட் பஸ்ஸும் அவருடைய சகாக்களும் 1992இல் வெளியிட்ட ஆய்வாகத்தான் இருக்க வேண்டும். தாம் காதலிப்பவர் வேறொருவருடன் உடலுறவு கொள்வது, வேறொருவர்மீது ஆழ்ந்த அன்பு கொள்வது ஆகிய இரண்டில் எது அதிகமாக வலிக்கும் என்று கல்லூரி மாணவ மாணவியர் 202 பேரிடம் அவர்கள் கேட்டார்கள். ஆண்களில் 60 சதவீதத்தினர் உடலுறவு என்றார்கள்; பெண்களில் 83 சதவீதத்தினர் அன்பு என்றார்கள். தன் குழந்தைதானா என்ற ஐயம் ஆணுக்கு மட்டுமே உரியது என்பதால், பரிணாமமே இந்த வேறுபாட்டை உண்டாக்கியது என்பது பஸ்ஸின் விளக்கம்.

ஆனால் அந்த ஆய்வு கேட்டது எது அதிகமாக வலிக்கும் என்பதைத்தான். எது துரோகம் என்பதையல்ல. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டிய அந்தக் கேள்வியிலும், ஆண்களில் பத்துக்கு நான்கு பேர் அன்பைத் தேர்ந்தார்கள் என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். உளவியலாளர்களான டேவிட் டிஸ்டெனோவும் பீட்டர் சலோவேயும் 1996இல் வேறொரு விளக்கம் தந்தார்கள்: ஒன்று நடந்தால் மற்றதும் நடந்திருக்கும் என்று எதை வைத்து ஒருவர் ஊகிக்கிறாரோ, அதுவே அவருக்கு இரட்டை அடியாக விழுகிறது. ஆண் காதலில்லாமலும் உறவு கொள்வான், ஆனால் காதலித்தால் உறவும் கொள்வான் என்று நம்பும் பெண், காதலுக்கே அதிகம் அஞ்சுவாள். பெண் காதலித்தால்தான் உறவு கொள்வாள் என்று நம்பும் ஆணுக்கு அந்த உறவே இரண்டையும் சொல்லிவிடுகிறது.

துரோகம் எது என்று நேரடியாகக் கேட்டால், உடலுறவு விஷயத்தில் இரு பாலாரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். ஒளித்து அனுப்பும் செய்தி, முன்னாள் காதலருடன் மனம்விட்டுப் பேசுவது போன்றவற்றில்தான் வேறுபாடு தலைகாட்டுகிறது. அவற்றைத் துரோகக் கணக்கில் சேர்ப்பவர்கள் பொதுவாகப் பெண்களிடையே சற்று அதிகம். அதுவும் சராசரிதான், உங்களோடு உடன்படும் மாணவர்கள் அந்தச் சிரிப்புக்கு நடுவிலும் இருந்திருப்பார்கள்.

அடுத்த வகுப்பில், கை தூக்கச் சொல்லாமல், 'இதை நான் செய்தால்', 'இதை என் துணை செய்தால்' என்று இரண்டு தாள்களில் பெயரின்றி எழுதி வாங்கிப் பாருங்கள். ஆண், பெண் பதில்களுக்கு இடையே உள்ளதைவிட, ஒருவரே எழுதிய இரு தாள்களுக்கு இடையில் அதிக வேறுபாடு இருக்கும் என்பது என் ஊகம்.